மகன் பெயரில்லாத மருத்துவப் பதிவு

யாங்கூனில் யாரிடமாவது பிறந்த தேதி கேட்டால், பலர் முதலில் கிழமையைச் சொல்கிறார்கள். இந்த ஊரின் தின்கன்ஜூன் பகுதியில் நான் வேலை பார்க்கும் சிறிய கிளினிக்கில் இது தினமும் நடக்கிறது. நோயாளிகள் தங்கள் மருத்துவப் பதிவைப் போனிலேயே பார்க்கும்படி செய்துகொடுப்பது என் வேலை. "செவ்வாய்" என்று சொல்லிவிட்டு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது போல நிற்பார்கள். கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வாலிபப் பிள்ளைகளின் பிறந்த ஆண்டைக் கேட்கவே நாக்கு எழவில்லை. வயது பார்த்துத்தானே பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஊரில் என் அப்பா தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவார். புது டாக்டரிடம் "அந்த வெள்ளை மாத்திரைங்கய்யா" என்பார். அதைப் பார்த்து வளர்ந்ததால் இந்த வேலையில் எனக்கு நிஜமான நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையோடுதான் மல்லிகா அக்காவை நச்சரித்தேன். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலிருந்து படகேறி வருகிறவர். பட்டாள வயதில் இருக்கும் மகன் சேகருக்கு வலிப்பு நோய்.

"போன்ல இருந்தா தம்பி எங்க விழுந்தாலும் டாக்டர் பாத்துக்குவாங்கக்கா."

"வழியில பட்டாளத்தானுங்க போனை வாங்கிப் பாக்குறானுங்க தங்கச்சி. என் பேருல போடு. வலிப்பு எனக்குன்னே இருக்கட்டும்."

அப்படியே போட்டேன். எங்கள் டாக்டர் கண்டும் காணாதது போல இருந்துவிட்டார்.

போன மாதம் ஒரு மத்தியானம், பசுந்தாங் பகுதியில் தான் வேலை செய்யும் பட்டறையில் சேகர் விழுந்துவிட்டான். வலிப்பு நிற்கவில்லை. பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். அன்று இக்கரைக்கு வந்திருந்த அக்கா ஓடிப்போய்ப் போனை நீட்டியிருக்கிறார். அங்கிருந்த பர்மிய டாக்டர் பதிவில் இருந்த எங்கள் கிளினிக் எண்ணுக்குப் போன் செய்தார்; நான்தான் எடுத்தேன்.

"இது ஐம்பது வயது அம்மாவின் பதிவு. அந்த அம்மா நன்றாகத்தானே நிற்கிறார்?"

"மருந்து சரிதான், டாக்டர் சயா. கொடுங்கள்."

"யாருக்கு எழுதிய மருந்து? ஆள் தெரியாமல் எப்படிக் கொடுப்பேன்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பின்னால் அக்கா தமிழில் கத்துவது கேட்டது. "சொல்லிடாத தங்கச்சி!" கட்டில் தடதடவென்று ஆடும் சத்தமும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே குரல், "சொல்லிடு, சொல்லித் தொலை!" என்று அலறியது. பெயர், பிறந்த ஆண்டு, டாலா விலாசம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றும் சத்தம் காதில் விழுந்தது.

சேகர் பிழைத்துக்கொண்டான். ஆனால் பெயரும் விலாசமும் பதிவாகிவிட்டதால் டாலா வீட்டில் இப்போது தங்குவதில்லை. எங்கே இருக்கிறான் என்று நானும் கேட்பதில்லை. அக்கா ஒரே ஒரு முறை வந்தார். "நீ என்ன பண்ணுவ? ஒம் மவன் இந்தியாவுல இருக்கான், நிம்மதியா இரு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் மகன் தூத்துக்குடியில் படிக்கிறான். இதே பயத்தில் நான்தான் அனுப்பிவைத்தேன். அக்கா வந்துபோன அன்று சாயங்காலம் அவன் இணையத்தில் படம் போட்டிருந்தான். கல்லூரி வாசல், தெருப் பெயர், பிறந்தநாள் கேக், மேலே எழுதிய வயது. எல்லோரும் பார்க்கும்படி. "உடனே அழிச்சிடுடா" என்று எழுதினேன்.

"ஏம்மா? படம் நல்லா இல்லையா?" என்று பதில் வந்தது.


"நல்லா இருக்குப்பா" என்று எழுதிவிட்டு, அவன் எப்போது அழிப்பான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.