தேனீ தொடாத பூ

ஈரத் தலையைத் துவாயால் சுற்றி, வாயை ஒரு துண்டால் கட்டிக்கொண்டு குணலட்சுமி அக்கா பூசணிக் கொடிகளுக்குள் இறங்கிவிடுவார். கிழக்கு அப்போதுதான் வெளுக்கும். மூச்சுப் பட்டாலும் பூ எச்சிலாகிவிடும் என்பதற்காகத்தான் அந்தத் துண்டு.

மார்கழியில் சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையின் இருபுறத்து வீடுகளின் முற்றங்களில் எல்லாம் சாணிப் பிள்ளையார் இருப்பார். அவர் தலையில் வைக்கிற பூசணிப்பூ அக்கா தருவது. என் வீட்டு வேலிப் படலையிலும் ஒன்று செருகியிருக்கும். நான் எட்டிப் பார்த்தால், அக்கா துண்டைக் கீழே இழுத்துவிட்டு, "தேன்பூச்சி வாய் வைக்க முந்தி ஆஞ்சது. கழுவாமலே வை பிள்ளை" என்பார். மிச்சம் கடகம் நிறையக் கோயிலுக்குப் போகும்.

ஒல்லியான உடம்பு. வலது முழங்காலில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. கொடிகளோடு கதைப்பார், ஆடு நுழைந்தால் ஆட்டோடும் கதைப்பார். "உனக்கு வீடு வாசல் இல்லையே?" என்று அவர் கேட்டால் ஆடு வெட்கப்பட்டதுபோல் நிற்கும். கணவர் அருளம்பலம் செத்துப்போன பிறகு அந்த இரண்டு பரப்புக் காணிதான் அவருக்குச் சோறு. போன வருடம் வரை வெங்காயம் செய்தார், பூவுக்கென்று வேலியோரம் நாலு பூசணிக் கொடி மட்டும். இம்முறை முதல் தடவையாக முழுக்கப் பூசணி போட்டார். மாசியில் காய் சந்தைக்குப் போகாவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

அடியில் பிஞ்சு உருண்டிருக்கிற பூவை அவர் தொடமாட்டார். காம்பு மட்டும் நீண்ட பூக்களைத்தான் ஒன்று விடாமல் ஆய்வார். "உது வெறும்பூ. காய்க்காது. சுவாமிக்காவது உதவட்டும்."

மார்கழி பத்தாம் நாள் அளவில் பிஞ்சுகள் மஞ்சளித்தன. தொட்டால் விழுந்தன. அக்கா அவற்றைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு நேரே பக்கத்துக் காணி மயூரதனின் வேலிக்குப் போனார். அவன் மிளகாய்க்கு மருந்து அடிப்பவன். அவர் போட்ட சத்தத்தில் நானும் ஓடிப்போனேன்.

"நீ அடிக்கிற நஞ்சிலைதான் தேன்பூச்சியெல்லாம் செத்துப்போச்சு. என்ரை பிஞ்சைப் பாரடா!"

"அக்கை, நான் பின்னேரம், பூச்சி கூட்டுக்குப் போன பிறகுதான் அடிக்கிறனான். உங்கடை தோட்டத்தை ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ."

பார்த்தோம். தேனீக்கள் இருந்தன. பிஞ்சுப் பூக்களுக்குள் வெறுமனே போய் வெறுமனே வந்தன.

"அதுகள் வெறும்பூவிலை இருக்கிற மஞ்சள் மாவைப் பூசிக்கொண்டு வந்து பிஞ்சுப்பூவிலை தேய்க்கவேணும். அப்பதான் பிஞ்சு நிக்கும். அதுகளுக்குத் தேன், உங்களுக்குக் காய். நீங்கள் மாப்பிள்ளைமாரை எல்லாம் விடிய முந்தியே கோயிலுக்கு அனுப்பிப்போட்டு, பொம்பிளையள் பெறேல்லை எண்டு என்னோடை சண்டைக்கு நிக்கிறியள்!"

"வாயைக் கழுவடா. பிள்ளையாற்றை பூவைப் பற்றி என்ன கதை இது?"

திட்டினாரே தவிர அவர் முகம் விழுந்துபோயிற்று. வீட்டுப் படலையடிக்கு வந்ததும் நின்று, "பூச்சி தொட்டதை எப்பிடிப் பிள்ளை சுவாமிக்கு வைக்கிறது? தொடாட்டி நான் எப்பிடிச் சீவிக்கிறது?" என்று கேட்டார். அந்தப் பூக்களில் என் வீட்டுக்கு வந்தவையும் உண்டே.

அடுத்த நாள் படலைகளில் பூ இல்லை. லூர்த்தம்மா, மீன் கொண்டு வருகிறவர், "என்ன குணம், பிள்ளையாரோடை கோவமோ?" என்று பகிடி விட்டார். அக்கா சிரிக்கவில்லை. ஐந்து நாள் அவர் முற்றத்துப் பிள்ளையார் அறுகம்புல்லோடு மட்டும் இருந்தார்.

ஆறாம் நாள் நான் போனபோது வெயில் ஏறியிருந்தது. அக்கா கொடிகளுக்கு நடுவே குந்தியிருந்தார். அருகே இருந்த பிஞ்சு ஒன்று எலுமிச்சங்காய் அளவில் பச்சையாக நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெறும்பூவை. உள்ளே ஒரு தேனீ. நான் வாய் திறக்கப்போக, கையைக் காட்டி மறித்தார். தேனீ முதுகெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வந்து, அடுத்த பிஞ்சுப்பூவுக்குப் போயிற்று.

பிறகுதான் அக்கா அந்தப் பூவை ஆய்ந்தார். இதழ் சோரத் தொடங்கியிருந்தது. முற்றத்துக்குக் கொண்டுவந்து, கழுவாமல், உதறாமல், பிள்ளையாரின் தலையில் வைத்து, விழாதபடி விரலால் மெல்ல அழுத்திவிட்டார்.