பெரியவளுக்கு வராத காமாலை

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். பெரியவள் வாசலை ஒட்டிய அறையில் பள்ளிச் சீருடை தைப்பாள். பதினோரு வருஷத்தில் அவள் பகலில் படுத்ததை யாரும் பார்த்ததில்லை. சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் அவள் சிரித்தால் மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிடும். பெரியவளுக்கு இது ஆகாது. வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

ஒருநாள் சின்னவள் சோற்றைப் பார்த்ததும் குமட்டுகிறது என்றாள். மாமியார் மனசுக்குள் வேறு கணக்குப் போட்டு முகம் மலர்ந்தார். ஆனால் கூடவே காய்ச்சலும் வந்தது, விடவில்லை. நாலாம் நாள் கண் மஞ்சளானது.

இரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "ஹெபடைட்டிஸ் ஏ. கல்லீரலைப் பிடிக்கிற வைரஸ். அசுத்தமான தண்ணி, சாப்பாடு வழியா தொத்தும். தனி மருந்து கிடையாது, ஓய்வெடுத்தா பெரும்பாலும் தானா சரியாயிடும். பச்சிலை, கண்ட மாத்திரைன்னு எதுவும் கொடுக்காதீங்க."

கடையில் இன்னும் இரண்டு பேருக்கு இதே நோய். தண்ணீர்த் தொட்டியில் சாக்கடை கசிந்திருந்தது.

ஓய்வு என்ற வார்த்தைதான் பெரியவளைக் குத்தியது. நல்ல காற்று வரும் நடு அறை சின்னவளுக்குப் போனது. கொழுந்தன் லீவு போட்டுச் சாத்துக்குடி பிழிந்து கொடுத்தான். பெரியவளின் புருஷன்கூட வந்ததும் வராததுமாக அந்த அறையைத்தான் எட்டிப் பார்த்தான். கழிவறைக்கு பிளீச்சிங் பவுடர் போட்டது, தண்ணீரைக் கொதிக்க வைத்தது எல்லாம் பெரியவள். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று கீழிமையை இழுத்துப் பார்ப்பாள். கண் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஏமாற்றத்தோடு அடுப்படிக்குப் போவாள்.

ஒரு மத்தியானம் பெரியவள், சின்னவள் பாதி குடித்து வைத்த டம்ளரை எடுத்து உதடு வரை கொண்டுபோனாள். தனக்கு வந்தால் பள்ளிக்குப் போயிருக்கும் தன் மகளுக்கும் தொத்துமே என்று ஞாபகம் வந்தது. கொட்டிவிட்டுக் கையைச் சோப்பால் மூன்று தடவை கழுவினாள்.

அந்த வாரமே வீட்டார் எல்லோரையும் தடுப்பூசிக்கு வரச்சொன்னார் டாக்டரம்மா. முதலில் பெரியவர்களுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெரியவளின் முடிவைப் பார்த்து டாக்டரம்மா சொன்னார்:

"உங்களுக்கு ஊசி வேண்டாம்மா. இந்த நோய் உங்களுக்கு எப்பவோ வந்து போயிருக்கு. இனிமே வராது."

"எனக்கா? எப்போ?"

"சின்ன வயசுல வந்திருக்கும். குழந்தைங்களுக்கு வந்தா பெரும்பாலும் வெளியே தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் நேராக நடு அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் வந்திருக்காம். பெத்தவளுக்குக்கூடத் தெரியல." விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். "உன்னைப் பார்த்தா எனக்கு வயிறெரியுது."

சின்னவள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். "தெரியும்க்கா. நீங்க தட்டை வைக்கிற சத்தத்துலயே தெரியும். நான் எந்திரிச்சதும் நீங்க ஒருநாள் படுங்க. சமையல் என் பொறுப்பு."

"நோயில்லாம எப்படிடி படுக்கிறது?"

"கண்ணை மூடிக்கிட்டுத்தான்."

ஒன்றரை மாதத்தில் சின்னவள் தேறினாள். தொட்டியைச் சரிசெய்த பிறகுதான் கடைக்குப் போனாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பெரியவள் காலைச் சாப்பாடு முடிந்ததும் நடு அறையில் போய்ப் படுத்தாள். மாமியார் பதறி வந்தார்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அத்தை. சும்மாதான்."

மாமியார் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் அடுப்படியிலிருந்து மாமியாரும் சின்னவளும் சிரிப்பது கேட்டது. பெரியவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.