குளவிக் கூட்டுக்குக் குண்டு எழுத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதை வளைவில் நிற்கும் மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது. அதற்குக் கீழேதான் பெண்கள் கொழுந்து பறிக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை அடித்து வர என்னைப் பதுளைக்கு அனுப்பினார்கள். எழுத்து விஷயத்தில் ஊவா மாகாணத்தில் என்னை விட்டால் ஆள் ஏது?

அச்சகத்துப் பெண் ஒல்லி எழுத்துகளாகக் காட்டினாள். நான் பணியாரம் மாதிரி உருண்டு தடித்த, கையாலேயே பிடித்து வைத்தது போன்ற எழுத்தைத் தேர்ந்தெடுத்தேன். "குளவிக் கூடு. கவனம்."

இன்று காலை பலகையடியில் முந்நூறு பேர். சரி, ஒரு வேன் ஆட்கள். சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கிள், இந்த 'குளவிக் கூடு' கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்றான் ஒருவன்.

கொழுந்துக் கூடையோடு சரோஜா ஓடி வந்தாள். "மெதுவாப் பேசுங்க. மேல பாருங்க."

பார்த்தார்கள். வேன் பறந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா, இவங்க போடுற சத்தத்துல குளவி கலைஞ்சா கொட்டு வாங்குறது நாங்க. ஒங்க போர்ட கூடு இல்லாத மரத்துல கட்டுங்க. கூட்டம் அங்க நிக்கட்டும்."

கட்டிவிட்டேன். மத்தியானத்துக்குள் அங்கே இரண்டு வேன்.

ஆபத்தே இல்லாத மரத்துக்கு எச்சரிக்கைப் பலகை வைத்து ஆட்களைக் காப்பாற்றியவன் இலங்கையிலேயே நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், பார்ப்போம்.