ஒரு சொல் மிஞ்சியவரின் உயில்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்த காலம். அறுபதுகளின் கடைசி. ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. குடியிருந்தது பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு நெசவுக்காரர் வீட்டின் முன்னறையில். வீட்டுக்காரம்மா கணவரை இழந்தவர்; அறுபது வயது இருக்கும். தறியில் நெய்து முடிந்த பழைய பாவு நூலின் நுனியோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைத்துக் கொடுத்தே அந்த வீட்டைத் தன் பெயரில் வாங்கியவர். கிணற்றடியில் என் வாளி கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றால் சண்டைக்கு வந்துவிடுவார். நானும் விடமாட்டேன். எங்களுக்குள் ஏழாம் பொருத்தம்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் கல்யாணமான கையோடு தனிக்குடித்தனம் போய்விட்டார். இளையவர் காய்ச்சலில் இறந்துபோனார். இளையவரின் மனைவிக்குக் குழந்தை இல்லை. திருப்புட்குழியில் அவளுடைய பிறந்த வீட்டிலும் யாரும் மிச்சமில்லை. அதனால் மாமியாரோடேயே தங்கிவிட்டாள். இறந்த மகன் உட்கார்ந்த தறியில் மாமியார் உட்கார்ந்தார். சேலையின் கரையைக் கோக்கிற பக்கம் மருமகள் உட்கார்ந்தாள். காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, இருவரும் எதற்காகவோ வாக்குவாதம் செய்தபடியே நெய்துகொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் பத்திரம் எழுதுகிறவர் வந்திருந்தார். அவர் சொன்னது முன்னறையில் இருந்த என் காதிலும் விழுந்தது.

"உயில் எழுதாம நீங்க கண்ண மூடிட்டா வீடு பெரிய புள்ளைக்குத்தாம்மா போவும். கொழந்த இல்லாத மருமவளுக்கு ஒரு செங்கல்லுகூட வராது. சட்டம் அப்டி இருக்குது."

"அப்ப எழுதுபா. இவ தெருவுலயா நிப்பா?" என்றார் வீட்டுக்காரம்மா. பிறகு என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, நீதான் சாட்சி. உனக்கும் எனக்கும் ஆவாதுன்னு ஊருக்கே தெரியும். எனக்காவ நீ பொய் சொல்லமாட்ட."

மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. நல்ல தாளில் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பத்திரம் எழுதுகிறவர் போனார். அந்த வாரத்துக்குள் வீட்டுக்காரம்மாவுக்கு வாதம் அடித்துவிட்டது.

வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. தலை சதா ஆடிக்கொண்டிருந்ததால், ஆமாம் இல்லை என்று தலையசைத்துக் காட்டவும் முடியாது. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "வேணாம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் வேணாம், போர்வை வேண்டுமென்றாலும் வேணாம். மருமகள் மட்டும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சண்டை போட ஆளில்லாமல் எனக்குக் கிணற்றடியே பிடிக்காமல் போயிற்று.

பத்திரம் எழுதியவர் நல்ல மனிதர். சார்பதிவாளரை வீட்டுக்கே அழைத்துவந்தார். விஷயம் தெரிந்து மூத்த மகனும் வந்துவிட்டார். அவரையும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மூன்று பிள்ளைகளோடு வாடகை வீட்டில் அல்லாடிக்கொண்டிருந்தவர்.

சார்பதிவாளர் கட்டிலருகே உட்கார்ந்து உயிலைப் படித்துக் காட்டினார். "இது உங்க முழு சம்மதத்தோட எழுதினதுதானாம்மா?"

"வேணாம்," என்றார் வீட்டுக்காரம்மா.

"கேட்டுக்கினீங்களா சார்?" என்றார் மகன். "நெனப்பு தப்பினவங்கள ஏன் சார் தொந்தரவு பண்ணிக்கினு?"

"அது அப்டி இல்ல சார்..." என்று மருமகள் ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, அவளையும் மகனையும் வெளியே அனுப்பினார் சார்பதிவாளர். நான் வாயைத் திறந்தேன். "சாட்சி பார்க்கறதுக்குத்தாம்மா, பேசறதுக்கு இல்ல," என்றார். ஒரு வகுப்பையே அதட்டி அடக்குகிறவள் நான். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் வேண்டுமா என்று சார்பதிவாளர் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டார். "வேணாம்." தம்ளரை நீட்டியதும் அவர் இடது கையால் வாங்கி முழுதும் குடித்தார். சார்பதிவாளர் காலித் தம்ளரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உயிலை எடுத்து, அதில் இல்லாததை இருப்பதுபோல் படித்தார். "இந்த வீடு என் மூத்த மகனைச் சேர வேண்டியது."

"வேணாம்!" இடது கை கட்டில் சட்டத்தில் ஓங்கி விழுந்தது.

சார்பதிவாளர் முகம் மாறவில்லை. இப்போது எழுதியிருந்தபடியே படித்தார். "இந்த வீடு என் இளைய மருமகளைச் சேர வேண்டியது."

வீட்டுக்காரம்மாவின் கீழுதடு மேல் பல்லைத் தொடுவதைப் பார்த்தேன். அந்தச் சொல் வந்துகொண்டிருந்தது. அது வந்தால் எல்லாம் போயிற்று. அவருக்கும் அது தெரிந்திருந்தது. சட்டென்று இடது கையைத் தூக்கி வாயை இறுகப் பொத்திக்கொண்டார். உள்ளங்கைக்குள் சத்தம் முட்டி மோதியது. கன்னம் அதிர்ந்தது. கை அசையவில்லை.

சார்பதிவாளர் மறுபடி மூத்த மகன் என்று படித்தார். கை இறங்கியது. "வேணாம்." மருமகள் என்று படித்தார். கை வாய்க்குப் போயிற்று. மூன்றாம் முறையும் அப்படியே.

கைகட்டி வாய்பொத்தி நிற்பது அடிமைப் புத்தி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு மனுஷி வாயைப் பொத்திக்கொண்டு இத்தனை கம்பீரமாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நினைவு தப்பியவர் செய்கிற காரியமா அது? தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல், தன்னையே கவிழ்க்கப் பார்ப்பதைப் புரிந்துகொண்டு, அதைப் பிடித்து நிறுத்தியிருந்தார். அப்படிப்பட்டவரிடமா வாளிக்காகச் சண்டை போட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

"ரேகை வைக்கணும்மா," என்றார் சார்பதிவாளர்.

ரேகை வைக்கவும் அந்த ஒரு கைதான் இருந்தது. வீட்டுக்காரம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்து வாய்க்குள் திணித்து, பல்லால் கடித்துக்கொண்டு, கட்டை விரலை நீட்டினார். பத்திரம் எழுதியவர் மை தடவினார். ரேகை பிசிறில்லாமல் விழுந்தது. கீழே பத்திரம் எழுதியவரும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்துதான் கோணலாகப் போயிற்று.

கதவைத் திறந்ததும் மருமகள் ஓடிவந்தாள். மகன் வாசலிலிருந்தே தாளில் இருந்த ரேகையைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மருமகள் முந்தானையை மெல்ல வாயிலிருந்து எடுத்தாள். அதுவரை அடைத்து வைத்திருந்தது அத்தனையும் அழுகையோடு கொட்டியது. "வேணாம், வேணாம், வேணாம்..."

விரலில் இருந்த மையைத் துடைத்தபடியே மருமகள் சொன்னாள்: "முடிஞ்சிபோச்சி அத்த. இனிமே எத்தினி வாட்டி வேணும்னாலும் சொல்லிக்கோ."