ஒரே பேச்சு, இரண்டு வாள்கள்

மாலை ஐந்து மணி இருபத்திரண்டு நிமிடம். லிப்ட் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வாள். தடித்த அட்டையை வெட்டி, சமையலறையில் மீன் சுற்றி வைக்கும் வெள்ளித்தாளை அதில் ஒட்டியிருந்தார்கள். நிமிர்ந்து நிற்க லிப்டின் உயரம் போதாமல் நுனி மடங்கிப்போயிருந்தது. வாளுக்குப் பின்னால் மூன்றாம் மாடிப் பிள்ளை. பதின்மூன்று வயது. கழுத்திலிருந்து முழங்கால் வரை அதே வெள்ளித்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய தாய், ஒரு கையில் பசைக் குழாயுடன், மறுகையால் மகளின் தோளைப் பிடித்தபடி.

"அசையாதை. வேர்த்தால் கவசம் கழரும்," என்றார் தாய்.

"மூச்சு விடலாமோ அம்மா?"

"மெல்லமா விடு."

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அன்ரி, நீங்கள்தானாமே இண்டைக்கு நடுவர்? எங்களுக்கு நல்ல காலம்."

நான் உள்ளே ஏறினேன். இரண்டாம் மாடியிலிருந்து கீழே போக லிப்டுக்குப் பன்னிரண்டு விநாடி எடுக்கும். அந்தப் பன்னிரண்டு விநாடியும் எங்கள் மூவரின் மீதும் பசை மணம் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் தொடர்மாடி, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. ஐந்து மாடி. ஆண்டுதோறும் நவராத்திரி முடிவில் வரும் வாணி விழாவின்போது கீழே கார் நிறுத்தும் இடத்தைக் கழுவி, பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு, வினோத உடைப் போட்டி வைப்பார்கள். வேடம் போட்டு வரும் பிள்ளை "நான் யார்" என்று ஒரு பேச்சும் பேச வேண்டும். பாதிப் புள்ளி உடைக்கு, பாதி பேச்சுக்கு. "பேச்சு பிள்ளையின் சொந்த ஆக்கமாக இருத்தல் வேண்டும்" என்று லிப்டுக்குள் ஒட்டும் அறிவித்தலில் ஒரு வரி இருக்கும். எந்தப் பிள்ளையும் தன் பேச்சைத் தானே எழுதுவதில்லை என்பது அந்த லிப்டில் ஏறி இறங்கும் எல்லோருக்கும் தெரியும். ரியூசன் ஆசிரியர்கள் எழுதுவார்கள். இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள். நான் ஒரு தமிழ்த் தினசரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தவள். அறிவித்தலின் அந்த வரியைத் திருத்திக் கொடுத்ததும் நான்தான்.

இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி லிப்டில் வந்தவள்; இருவரில் பெரியவள். மற்றவள் ஐந்தாம் மாடி, பன்னிரண்டு வயது. அவளுடைய குடும்பம் கொட்டாஞ்சேனையிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தது. புறக்கோட்டையில் புடைவைக் கடை. இந்தத் தொடர்மாடியில் நாங்கள் மற்ற எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்கள்; அவர்கள் மட்டும் இல்லை. இருவரும் பின்னேரங்களில் நான்காம் மாடிப் படியில் உட்கார்ந்து, ஒரு போனில், ஆளுக்கொரு காதில் இயர்போன் செருகி, ஒரு ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பார்கள். லிப்ட் பழுதான ஒரு நாள், மொட்டை மாடியில் துணி காயப்போடப் படியேறிய நான் அவர்களுக்குப் பக்கத்தில் இளைப்பாற உட்கார்ந்தேன். என்ன கதை என்று கேட்டேன்.

"மந்திரவாதியள் ஆளுக்கொரு பழங்கால வீரரைக் கூப்பிட்டு எழுப்பிச் சண்டை பிடிக்க விடுவினம் அன்ரி," என்றாள் பெரியவள். "கடைசியா மிஞ்சிற ஆளுக்கு ஒரு வரம். ஆனா நாங்கள் பாக்கிறது மெயின் கதை இல்லை. அதின்ரை கிளைக்கதை."

"மந்திரவாதிக்கு அடி விழாதா?"

"அவை பின்னாலை நிண்டு ஓடர் குடுக்கிறது மட்டும்தான். அடி முழுக்க வீரருக்கு."

"செத்தவங்கள எழுப்பி அனுப்புறாங்க மிஸ், பாவம்," என்றாள் சின்னவள். "கிளைக்கதையில அப்படி இல்ல. எதிரிங்க எல்லாம் ஒரே வீட்டுல ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க."

"இவ சாப்பாட்டுக்காகத்தான் பாக்கிறா."

"போடி, நீ மட்டும் என்னவாம்? நூடில்ஸ் சாப்பிடுற கட்டத்த மூணு தரம் பாத்த."

செத்தவர்களை எழுப்பிச் சண்டைக்கு அனுப்பும் கதை எனக்குப் புதிதல்ல. இந்த நாட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகள் அதைத்தான் எழுத்துப் பிழை பார்த்து அனுப்பியிருக்கிறேன். எதிரிகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது மட்டும்தான் புதிதாக இருந்தது.

போட்டிக்கு இருவரும் சோடியாகப் போவதென்று முடிவு செய்திருந்தார்கள். ஒருத்தி மந்திரவாதி, மற்றவள் வெள்ளிக் கவசம் போட்ட வீராங்கனை. யார் எது என்பதைப் பூவா தலையா போட்டுப் பார்த்து, சின்னவள் மந்திரவாதி என்று ஆகியிருந்தது. சோடிக்குப் பரிசு ஒன்றுதான் என்பதும், பின்னால் நின்று கட்டளையிடுபவள் யார் என்பதும் தாய்மாருக்குத் தெரிய வந்ததும் சோடி உடைந்தது. இரண்டு வீட்டிலும் வெள்ளித்தாள் வாங்கினார்கள்.

மூன்றாம் மாடித் தாய் என்னிடம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் கொண்டுவந்தார்.

"உங்களுக்கு இதெல்லாம் ஒரு விசயமே அன்ரி? பேப்பரிலை இருந்தனீங்கள். கவசக்காரிக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. அஞ்சாம் மாடிக்குத் தெரிய வேண்டாம். அவை யாவாரக்கார ஆக்கள், எங்கையிருந்தெண்டாலும் நல்லதா ஒண்டு எடுப்பிச்சுப் போடுவினம்."

ரோல்ஸ் சூடாக இருந்தது. இரண்டு சாப்பிட்டுவிட்டு அன்றே எழுதிக் கொடுத்தேன். நல்ல பேச்சுத்தான்.

வியாழக்கிழமை ஐந்தாம் மாடித் தாய் வந்தார். கையில் லட்டுப் பெட்டி.

"மிஸ், நம்ம புள்ளைக்கும் அந்தக் கவசம் போட்ட பொண்ணு வேஷம்தான். ஒரு பேச்சு எழுதிக் குடுங்களேன். நாங்க பேசுற மாதிரி இருந்தா இங்க சிரிப்பாங்க. நீங்க எழுதினா மரியாதையா இருக்கும். மூணாம் மாடிக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

பத்திரிகையில் இரங்கல் குறிப்பு எழுதும்போது எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்றை நன்றாக எழுதிவிட்டால் அடுத்த ஆறு மாதம் அதுவே ஓடும். முதல் இரண்டு வரியையும் ஊரையும் மாற்றினால் போதும். இறந்தவர்கள் ஒருவருடைய குறிப்பை ஒருவர் வாசிக்கப்போவதில்லை. அதையே இங்கும் செய்தேன். பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் ஒரு பிரிவு, அதற்கு மேல் இன்னொரு பிரிவு. சின்னவளும் பெரியவளும் ஒரே மேடையில் மோதமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். சின்னவளுக்குப் புதிதாக ஒரு பக்கம் எழுதுவதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. மூன்றாம் மாடிப் பிள்ளை இரண்டாவதாக வந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்ற கேள்வி எனக்குப் பிடிக்காத கேள்வி.

விழா நாளன்று மதியம், வழக்கமான நடுவரான ஹெவ்லொக் டவுன் பள்ளிக்கூட அதிபருக்குக் காய்ச்சல். விழாக் குழுத் தலைவர் என்னைக் கேட்டார். சம்மதித்தேன். மேசையில் உட்கார்ந்த பிறகுதான் பெயர்ப் பட்டியலைக் கண்டேன். பிள்ளைகள் போதாமல் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கியிருந்தார்கள். பெரியவள் இரண்டாவது. சின்னவள் ஆறாவது. இடையில் மூன்று பேர். எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது.

பெரியவள் பேசினாள். நடுவில் கடற்கரை ரயில் போனது. அது போகும்வரை நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கைதட்டல். அவளுடைய தாய் பக்கத்துக் கதிரைக்காரரிடம், "முழுக்க அவவே எழுதினது," என்றார். அந்தக் கதிரை ஐந்தாம் மாடித் தாயுடையது. அவர் எழுத்துக் கூட்டி வாசிப்பவரைப் போல மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மனனம் செய்திருக்க வேண்டும். இவர் பேச்சைக் கேட்டிருக்கவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் மேடை ஓரத்தில் முறைக்காக நின்ற சின்னவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேனை மூடியைத் தேடினேன்.

ஆறாவதாக ஏறினாள். வேறு பேச்சு அவளிடம் இல்லை. முதல் இரண்டு வரி சரியாகப் போனது. மூன்றாவது வரியில் கதிரைகள் அசைந்தன. நான்காவதில் மூன்றாம் மாடித் தாய் எழுந்துவிட்டார்.

"இது எங்கடை பிள்ளையின்ரை பேச்சு! அப்பிடியே கொப்பி அடிச்சிருக்கு!"

"அம்மா, இருங்கோ. அவ அப்பிடிச் செய்யமாட்டா," என்றாள் பெரியவள்.

"நீ வாயை மூடு. படியிலை இருந்து உன்ரை வாயைப் பிடுங்கிப்போட்டா. உனக்கு விளங்காது."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "கடைச் சரக்கெண்டு நினைச்சிட்டினம் போல," என்றது ஓர் ஆண் குரல். அதற்கும் சிரித்தார்கள். சாம்பிராணியை மீறிக் கழிவுநீர்க் குழியின் நாற்றம் வந்தது. கையில் கடலைத் தட்டுகளுடன், வாய் அசைய அசையப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் மேசையிலும் ஒரு கடலைத் தட்டு இருந்தது.

ஐந்தாம் மாடித் தாய் என்னைப் பார்த்தார். அவரும் பேசவில்லை. பேசினால் மகள் சொந்தமாக எழுதவில்லை என்று அவரே சொன்னதாக ஆகிவிடும். மூன்றாம் மாடித் தாயும் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. சின்னவள் மேடையில் நிற்க, நாங்கள் மூன்று பெரியவர்களும் கீழே பத்திரமாக இருந்தோம். அவளுடைய வலது முழங்காலில் வெள்ளித்தாள் கிழிந்து தொங்கியது.

விழாக் குழுத் தலைவர் குனிந்து கேட்டார். "மிஸ், என்ன செய்வம்?"

"விதியிலை இருக்குத்தானே," என்றேன். "சொந்த ஆக்கமா இருக்க வேணும்."

ஆறாம் இலக்கத்துக்கு நேரே, பேச்சு என்ற நிரலில், பூச்சியம் போட்டேன். இரண்டாம் இலக்கத்துக்குப் பதினெட்டு. பெரியவளுக்குத்தான் பரிசு. அதை வாங்க அவள் மேடைக்கு வரவில்லை. தாய் வாங்கினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஐந்தாம் மாடிக்குப் போனேன். தாய் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நான் குழுவுக்குச் சொல்லிவிடுகிறேன்," என்றேன். வீட்டு வாசலில் நின்று அச்சுத் தமிழில் பேசினேன்.

"வேணாம் மிஸ். இப்ப சொன்னா, நாங்க உங்கள வச்சு ஏமாத்தினோம்னு இன்னொரு கதை வரும். விட்டுருங்க." பிறகு உள்ளே திரும்பி, "பாப்பா, மிஸ் வந்திருக்காங்க," என்றார்.

உள்ளே ஓர் அறைக்கதவு சாத்தப்பட்டது.

குழுவுக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. நான்காம் மாடிப் படியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் சில நாள் நானும் லிப்டுக்காகக் கீழே நிற்பேன். என்னைக் கண்டால் சின்னவள் புத்தகப் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு படியால் ஏறுவாள். ஐந்தாம் மாடிவரை எண்பத்தெட்டுப் படிகள்.