டிஸ்க்குக்கு எண்ணெய் போட்ட மாமா

என் அக்கா வீட்டுக்காரர் தையல் மிஷின் மெக்கானிக். முப்பது வருஷமாக எண்ணெய்க் குப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கதவு கீச்சிட்டால் எண்ணெய், மின்விசிறி முனகினால் எண்ணெய். என் மூக்குக்கண்ணாடி மடக்குக்கும் ஒரு சொட்டு விட்டார். ஒரு வாரம் உலகமே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. கேட்டதற்கு, "போய் கண் டாக்டர்கிட்ட காட்டு" என்றார். தப்பு என்றைக்குமே அவருடையது இல்லை. தன் கல்யாணத்துக்கே இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தவர், மண்டபத்துக் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று அதைக் கழற்றப் பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் காரின் முன்சக்கர இடுக்கில் எட்டிப் பார்த்தார். பிரேக் டிஸ்க்கில் லேசாகத் துரு. நாலு தடவை பிரேக் போட்டால் தானாகப் போகிற துரு அது. மாமா ஜாக்கி வைத்தார், சக்கரங்களைக் கழற்றினார், உப்புத்தாளால் மதியம்வரை தேய்த்தார். டிஸ்க் இரண்டும் பளபளத்தன. அதோடு நிறுத்தியிருந்தால் நானே பாராட்டியிருப்பேன். குப்பியை எடுத்தார்.

"டிஸ்க்குக்கு எண்ணெய் போடலாமா மாமா?"

"இரும்புக்கு எண்ணெய் போடாம பன்னீரா தெளிப்பாங்க? நீ போய் உன் வேலையப் பாரு."

எனக்கு மூன்று மாதமாக வேலை இல்லை என்பதைத்தான் அவ்வளவு நாகரிகமாகச் சொன்னார்.

மறுநாள் காலை நாங்கள் போன டீக்கடையில், பக்கத்துத் தெரு கார் ஒர்க் ஷாப்காரரிடம் இதைப் பெருமையாக அளந்துகொண்டிருந்தார். கேட்டவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எண்ணெயா? அப்புறம் பிரேக் எப்படிப் பிடிக்கும்? வழுக்கிட்டுப் போகும். வண்டிய எடுத்துடாதீங்க."

"சும்மா சொன்னேன்" என்று மாமா சிரித்தார். சிரித்தபடியே வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன்.

வாசலில் அக்கா காரை ஸ்டார்ட் செய்துவிட்டாள். பின்சீட்டில் மகள், மடியில் புத்தகம்; அன்று அவளுக்குப் பரீட்சை. எங்கள் தெரு முடிகிற இடத்தில் செங்குத்தான இறக்கம், அதன் அடியில் நாற்சந்தி. நான் வாயைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தார்.

"இன்னைக்கு பஸ்ல போங்களேன். டயர்ல காத்து கம்மியா இருக்கு."

"நேத்து நீங்கதானே அடிச்சீங்க?"

"மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

வெயில் சுள்ளென்று அடித்தது.

"நேரமாச்சு, தள்ளுங்க" என்று அக்கா கியரைப் போட்டாள்.

வறட்டுக் கௌரவத்துக்காகப் பெற்ற பிள்ளையையே அனுப்பிவிடுவாரோ என்று, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். கையை உதறினேன். அதற்குள் அவர் காருக்கு முன்னால் போய், பானெட்டில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார். அந்தக் காரில் பிரேக் இல்லை என்பது நன்றாகத் தெரிந்த ஒரே மெக்கானிக் அவர்தான்.

"நான் தப்பு பண்ணிட்டேன்" என்றார். "டிஸ்க்ல எண்ணெய் போட்டுட்டேன். பிரேக் பிடிக்காது."

அக்கா இஞ்சினை அணைத்தாள். ஜன்னல் கண்ணாடியை முழுவதுமாக இறக்கினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"பிரேக் பிடிக்காது."

"அது இல்ல. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே, அது."