மாமா மகளுக்கு என் கால் அளவு

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டு ஹாலில்தான் மாமா படுத்துக்கொள்வார். அம்மாவின் தம்பி. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. அத்தை அவரோடு ஒத்துவராமல் மகளைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஈப்போவில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மகள் என்னைவிடப் பத்து நாள் இளையவள். மாதாமாதம் அவளுக்கு எண்பது வெள்ளி அனுப்ப வேண்டும், மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். ஈப்போ எவ்வளவு தூரம் என்று சொன்னவர்கள் யோசித்தார்களோ என்னவோ.

எனக்குப் படிப்பு ஏறாமல் ஆறாம் வகுப்போடு நின்றது பிந்திய கதை. ஆனால் மாமாவின் கணக்கு மட்டும் அப்போதே எனக்கு மனப்பாடம். பணம் அனுப்பினால் ரயிலுக்குக் காசு இருக்காது. போய்வந்தால் அனுப்பும் பணம் குறையும். சாப்பிட உட்கார்ந்தால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் இதே பேச்சு.

“ஒரு மாசம் பணம் நின்னாலும் புள்ளைய கண்ணுல காட்ட மாட்டாடா அவ.”

“பணம் மட்டும் போய்க்கிட்டே இருந்தா, அப்பான்னா மணியார்டர்னு நெனச்சுக்கும்க்கா.”

இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டதுதான் என் பயம்.

எட்டு மாதம் பணம்தான் போனது, மாமா போகவில்லை. பிறகு ஓவர்டைம் பார்த்து எப்படியோ டிக்கெட்டுக்குச் சேர்த்தார். வெறுங்கையோடு போக முடியுமா? மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை ஷூ வாங்க வேண்டும் என்று என்னைத் தேக்கா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, அதனால் என் கால்தான் அளவு.

கடைக்கார பாய் ஒரு ஜோடியை மாட்டிவிட்டார். விரல் லேசாக இடித்தது.

“வளர்ற புள்ளை, ஒரு சைஸ் கூட எடுங்க தம்பி. அந்த சைஸ்ல இருந்து விலை வேற, மூணு வெள்ளி கூட வரும்.”

“டிக்கெட் காசு போக எட்டு வெள்ளிதான் இருக்கு பாய்.”

“மூணு வெள்ளியில என்னா கப்பலா வாங்கப் போறீங்க? குடுங்க லா!”

மாமா சிரித்தார். ஆனால் அவர் கை சட்டைப் பையை அமுக்கிப் பிடித்ததை நான் பார்த்துவிட்டேன். மூன்று வெள்ளி குறைந்தால் டிக்கெட் போச்சு, ஈப்போ போச்சு. ஷூவுக்குள் ஐந்து விரலையும் மடக்கிக்கொண்டேன். மாமா கட்டைவிரலால் நுனியை அழுத்திப் பார்த்தார்.

“இடிக்குதாம்மா?”

“இல்ல மாமா. லூசா இருக்கு.”

எட்டு வெள்ளி ஜோடியைக் கட்டிக் கொடுத்தார் பாய்.

சனிக்கிழமை மாமா ரயிலேறினார். ஞாயிறு முழுக்க நான் நானாக இல்லை. நான் சரியாகப் பார்த்தேயிராத அந்தப் பெண்ணின் விரல்கள் நசுங்குவதும், அத்தை ஷூவைத் தூக்கி எறிவதும், இனி வராதீர்கள் என்று மாமாவிடம் சொல்வதும் மாறி மாறித் தெரிந்தன. காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் மாமா வந்தார். கையில் அதே ஷூ பெட்டி.

“என்னடா, திரும்பக் கொண்டாந்துட்ட?”

“உள்ளயே போகலக்கா! அவ காலு ரெண்டு சைஸ் பெருசு. மடியில காலத் தூக்கி வச்சு நானும் அமுக்கிப் பாக்குறேன், ம்ஹூம். இந்தா, இவ்வளவு நீளம்!” என்று சாப்பாட்டு மேசையில் சாண் வைத்துக் காட்டினார். “அப்படியே என் காலு.”

நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவிடம் சொன்னார். லிஃப்டில் வந்தவர்களிடம் சொன்னார். அடுத்த மாதம் பணம் கட்டப் போன தபால் நிலையத்தில், வரிசையில் முன்னால் நின்ற யாரோ ஒருவரிடம், “என் மகளுக்கு ரெண்டு சைஸ் பத்தல சார்” என்று சொன்னபோது நான் பக்கத்திலேயே நின்றேன். அந்த ஷூ எனக்கே வந்துவிட்டிருந்தது. மடக்கிய விரல் வலிக்க வலிக்க நின்றேன். என் பொய்யைத்தான் ஊரெல்லாம் சொல்லி என்னைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன்.

மனிதர் மகளின் காலைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.